ஊழியர் நலத்துக்கு ஒதுக்கும் காசை எதில் போடுவது?

யாழ்ப்பாண நகரத்தில் 50 பேர் வேலை செய்யும் ஒரு புடைவைக்கடை அல்லது நிதி நிறுவனம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு நல்ல மனம். வருடத்துக்கு ஒரு தொகையை ஊழியர்களின் ஆரோக்கியத்துக்கு ஒதுக்க நினைக்கிறார். அவருக்கு முன்னால் ஐந்து வழிகள் இருக்கின்றன. யோகா வகுப்பு, நடைப்போட்டி, கைப்பேசிச் செயலி, மாதம் ஒரு பேச்சு என்று எல்லாம் சேர்த்துக் கட்டித் தரும் திட்டம் ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை இன்னொன்று. மூன்றாவது குழு மருத்துவக் காப்புறுதி. நாலாவது, ஏற்கெனவே சீனி வருத்தமும் பிறஷரும் உள்ளவர்கள் ஒழுங்காக அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போக வழி செய்வது. ஐந்தாவது, வேலை செய்யும் இடத்தையே திருத்துவது: இருக்கை, தண்ணீர், கழிவறை, வேலை நேரம்.

சில நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் வருகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி இரண்டையும் முதலில் செய்யுங்கள், காசு மிஞ்சினால் காப்புறுதிக்குப் போங்கள். கட்டித் தரும் திட்டத்தை ஊழியர்கள் தாங்களாகக் கேட்டால் மட்டும் யோசியுங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

சேமிப்பு யாருடைய பையில் சேருகிறது?

இந்தத் திட்டங்களைப் பற்றிய பேச்சும் ஆய்வுகளும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. அங்கே ஊழியரின் மருத்துவச் செலவில் பெரிய பங்கை வேலை கொடுப்பவரே சுமக்கிறார். பெரிய நிறுவனங்கள் பல அந்தச் செலவைத் தங்கள் சொந்தப் பணத்திலிருந்தே கட்டுகின்றன. ஓர் ஊழியர் மாரடைப்பு வந்து படுத்தால் பில் நிறுவனத்துக்கு வரும். அதனால் ஊழியரின் உடம்பில் செலவழிப்பது அவர்களுக்கு நேரடியான வியாபாரக் கணக்கு.

இங்கே யாழ். போதனா வைத்தியசாலையிலோ மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ படுத்தால் முதலாளிக்குப் பில் வராது. அதை வரி கட்டும் எல்லாருமாகச் சுமக்கிறோம். ஆகவே அங்கே காட்டும் சேமிப்பில் பெரிய பங்கு இங்கே ஒரு கடையின் ஏட்டில் ஏறவே ஏறாது. நம் முதலாளிக்கு மிச்சமாகக்கூடியவை வேறு: வராத நாட்கள், வந்தும் நோவோடு வேலை செய்யும் நாட்கள், பத்து வருடம் பழகிய ஒருவர் திடீரென்று விழும்போது ஏற்படும் இழப்பு. இவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் நிறுக்க வேண்டும்.

அமெரிக்கக் கணக்காவது அங்கே சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவோம். 2010 இல் கேதரின் பெய்க்கர், டேவிட் கட்லர், ஸிருய் சோங் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். திட்டத்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டொலருக்கும் மருத்துவச் செலவில் 3.27 டொலரும், வேலைக்கு வராத நாட்களின் செலவில் 2.73 டொலரும் குறைகிறது என்று எழுதினார்கள். இந்த எண்கள் உலகம் முழுக்கப் பரவின. "ஒன்று போட்டால் மூன்று திரும்பும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அது பெரும்பாலும் இங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்த மூவரில் இருவர், சோங்கும் பெய்க்கரும், 2019 இல் இன்னும் கடுமையான முறையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பீஜேஸ் என்ற மொத்த விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களிடையே, குலுக்கல் முறையில் 20 கிளைகளைத் தெரிந்து அங்கே மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். 18 மாதம் கழித்துப் பார்த்தால், ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறேன் என்று சொன்னவர்கள் மற்றக் கிளைகளில் 62 வீதம், திட்டம் நடந்த கிளைகளில் 70 வீதம். ஆனால் இரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ரோலிலோ உடற்பருமனிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மருத்துவச் செலவிலும் லீவிலும் இல்லை. இவர்கள் கடைகளில் நின்று வேலை செய்யும் ஆட்கள் என்பதால் நம் கடைக்காரருக்கு இந்த ஆய்வு கூடுதல் பொருத்தம்.

இலினோய் பல்கலைக்கழகத்தில் 2016 இல் தொடங்கிய இன்னோர் ஆய்வு, பழைய எண்கள் ஏன் அவ்வளவு பெரிதாக வந்தன என்பதையும் காட்டியது. 4,834 ஊழியர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது மருத்துவச் செலவு குறையவில்லை. அதே தரவை வைத்து, திட்டத்தில் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டபோது பெரிய சேமிப்புத் தெரிந்தது. சேர்ந்தவர்கள் முதலிலேயே ஆரோக்கியமாகவும் செலவு குறைவாகவும் இருந்தவர்கள். காலையில் கோட்டைப் பக்கம் நடக்கிறவர்தான் கடையின் நடைப்போட்டியிலும் முதலில் பெயர் கொடுப்பார். அவர் அந்த வருடம் லீவு எடுக்காமல் இருந்ததைத் திட்டத்தின் வெற்றியாக எழுத முடியாது.

கட்டித் தரும் திட்டம்: நம் ரூபாவில்

இனி நம் 50 பேர். சராசரிச் சம்பளம் மாதம் 50,000 ரூபா என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்ட வேண்டும். எல்லாம் சேர்ந்து 57,500. 25 வேலை நாட்களால் வகுத்தால் ஒருவரின் ஒரு நாள் முதலாளிக்கு 2,300 ரூபா.

கட்டித் தரும் திட்டம் ஆளுக்கு மாதம் 1,000 ரூபா என்று கொள்ளுங்கள். வருடத்துக்கு 6 இலட்சம். இந்தக் காசு லீவுக் குறைவாகத் திரும்பி வர வேண்டுமென்றால் 261 நாட்கள் மிச்சமாக வேண்டும். ஆளுக்கு ஐந்து நாளுக்கு மேல். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒருவருக்கு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கசுவல் லீவும் உரிமை. வருடாந்த லீவு ஆரோக்கியத்தால் குறையாது, குறையவும் கூடாது. சுகமில்லாமல் லீவு எடுப்பது அந்த ஏழு நாளுக்குள்தான் வருகிறது. செத்த வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டம், மாவட்டக் கச்சேரி அலுவல் எல்லாமும் அதே ஏழுக்குள்தான். அதில் ஐந்து நாளை யோகா வகுப்பு மிச்சம் பிடிக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

யோகா நல்லது, நடையும் நல்லது. ஊழியர்கள் சேர்ந்து சிரித்துச் செய்யும் ஒரு மணித்தியாலத்துக்கு அதன் மதிப்பு உண்டு. அதை மகிழ்ச்சிக்கான செலவு என்று எழுதுங்கள், சேமிப்பு என்று எழுதாதீர்கள்.

வருடாந்தப் பரிசோதனை

இலங்கையில் நடக்கும் மரணங்களில் பத்தில் எட்டுக்கு மேல் தொற்றா நோய்களால் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனியும் பிறஷரும் சத்தமில்லாமல் வருவதால் சோதித்துப் பார்ப்பது தேவைதான். ஆனால் அதற்குத் தனியார் ஆய்வுகூடத்துக்கு ஆளுக்கு ஆள் காசு கட்ட வேண்டுமா? அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 இலிருந்து நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உயரம், நிறை, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பேசினால் குழுவாக அனுப்ப ஒரு நாளை ஒழுங்கு செய்யலாம். செலவு ஆளுக்கு ஓர் அரை நாள் சம்பளம்.

உடம்பு முழுவதையும் பார்க்கிறோம் என்று புற்றுநோய்க் குறியீடு வரை சேர்த்து விற்கும் நீண்ட பட்டியல்களை விட்டுவிடுங்கள். அறிகுறி இல்லாதவர்களில் அவற்றால் வருவது பெரும்பாலும் வீண் பயமும் மேலதிகப் பரிசோதனைகளும்தான்.

இதில் எனக்குப் பெரிய கவலை வேறொன்று. யாழ்ப்பாணம் சின்ன ஊர். கடையில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு முகாமையாளரின் மேசையில் கிடந்தால் அது மாலைக்குள் சந்தி வரை போய்விடும். கலியாணம் பேசும் வயதில் உள்ள பெண் பிள்ளைகளுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. முடிவு மூடிய உறையில் அவரவர் கையில் மட்டும் போக வேண்டும். எத்தனை பேருக்குச் சீனி என்ற மொத்தக் கணக்குக்கூட ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். இதை உறுதியாகச் செய்ய முடியாத இடத்தில் பரிசோதனையை வேலைத்தலத்தில் நடத்தவே வேண்டாம்.

காப்புறுதி

ஊழியர்கள் பெரும்பாலும் விரும்பிக் கேட்பது இதைத்தான். அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹாரா காப்புறுதி இருக்கிறது, எங்களுக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் காப்புறுதி முதலாளிக்குச் செலவைக் குறைக்காது. ஊழியரை அவரது செலவிலிருந்து காக்கும். அந்த நோக்கத்தோடு எடுத்தால் நல்ல காரியம். எடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில: ஏற்கெனவே உள்ள வருத்தங்களைச் சேர்ப்பார்களா, வெளிநோயாளர் செலவுக்கு எவ்வளவு, தாய் தகப்பனையும் சேர்க்கலாமா, கூடுதலாகக் கோரிக்கை வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் கட்டுப்பணம் எவ்வளவு ஏறும். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஐந்தாறு பேர் உள்ள சின்னக் கடைகள் தனியே போனால் நல்ல விலை கிடைப்பது கஷ்டம். ஒரு தெருவின் கடைகள் சேர்ந்து பேசலாம். 1930களிலேயே மூளாயில் கூட்டுறவாக ஒரு வைத்தியசாலையைத் தொடங்கி நடத்திய சமூகம் இது. நகரத்துக் கடைகள் சேர்ந்து ஒரு காப்புறுதியைப் பேசி எடுப்பது நமக்குப் புதிய வித்தையாக இருக்காது.

கிளினிக் நாள்

இந்த இடத்தில்தான் காசு உண்மையாக வேலை செய்கிறது. பெப்சிகோ நிறுவனத்தின் திட்டத்தை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏழு வருடத் தரவோடு பார்த்து 2014 இல் எழுதினார்கள். திட்டத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று எல்லாருக்குமான வாழ்க்கைமுறைப் பயிற்சி. மற்றது ஏற்கெனவே நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கான தொடர் கவனிப்பு. நோய் உள்ளவர்களைக் கவனித்த பகுதியில் ஒரு டொலருக்கு 3.80 டொலர் திரும்பியது. வாழ்க்கைமுறைப் பயிற்சியில் போட்ட ஒரு டொலருக்குத் திரும்பியது 50 சதம் மட்டும். பங்குபற்றியவர்களில் 13 வீதமானோரே நோய்க் கவனிப்பில் இருந்தார்கள், ஆனால் மருத்துவச் செலவின் சேமிப்பில் 87 வீதம் அவர்களால் வந்தது.

அங்கே மிச்சமானது ஆஸ்பத்திரிச் செலவு, அது இங்கே முதலாளிக்கு வராது என்று முன்பே சொன்னேன். ஆகவே 3.80 ஐ அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். சீனியும் பிறஷரும் உள்ள ஒருவருக்குக் கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதியிருக்கும். விடியக் காலையில் போய் இலக்கம் எடுத்து, வைத்தியரைப் பார்த்து, மருந்துக்கு வரிசையில் நின்று வெளியே வரக் குறைந்தது அரை நாள். மாதாமாதம் போனால் வருடத்துக்கு 12 அரை நாள், அதாவது 6 நாள். அவருக்கு உள்ள கசுவல் லீவு 7. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், சொந்தத்தில் ஒரு செத்த வீடு நடந்தால், எதை விடுவார்? கிளினிக்கைத்தான். ஒரு மாதம் மருந்து இல்லாமல் போகும். உடம்பு ஒன்றும் சொல்லாது. அடுத்த மாதமும் விடுவார். சம்பளம் வெட்டும் இடமென்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். சரி, மாலையில் காசு கட்டித் தனியாரிடம் வைத்தியரைப் பார்க்கும் சனலிங் போகலாமே என்றால், வைத்தியர் கட்டணமும் மருந்தும் சேர்ந்து அரை நாள் சம்பளத்தை எளிதாகத் தாண்டிவிடும். கிளினிக்கில் அந்த மருந்து இலவசம்.

50 பேரில் எட்டுப் பேருக்கு இப்படி இருக்கிறது என்று வைப்போம். கசுவல் லீவில் கைவைக்காமல், சம்பளத்தோடு மாதம் ஓர் அரை நாள் கொடுத்தால் வருடத்துக்கு 48 நாள். ஏறத்தாழ 1,10,000 ரூபா. கட்டித் தரும் திட்டத்தின் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இது ஓர் ஊழியருக்கு முதலாளி செலவழிக்கும் இரண்டு மாதக் காசுக்கும் கொஞ்சம் கீழே. வருடத்தில் ஒரே ஒருவர் பாரிசவாதத்தாலோ காலில் ஆறாத சீனிப் புண்ணாலோ இரண்டு மாதம் படுக்காமல் தப்பினால் போட்ட காசு வந்துவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் அப்படி ஒருவர் தப்புவார் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எட்டுப் பேர் ஒழுங்காக மருந்து எடுப்பதால் வரும் நன்மை அந்த வருடத்தோடு முடிவதில்லை, அவர்களின் சிறுநீரகத்திலும் கண்ணிலும் பத்து வருடம் கழித்துத் தெரியும். ஏட்டில் ஏறாவிட்டாலும் ஒரு முதலாளி அதற்காகச் செலவழிப்பது சரி என்றே நான் நினைக்கிறேன்.

நடைமுறையில் ஒரு சிக்கல்: யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்கக் கூடாது. கொப்பியின் திகதிப் பக்கத்தை மட்டும் காட்டினால் போதும் என்று வையுங்கள். சந்தேகப்பட்டு ஆள் அனுப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தால் ஒருவரும் கொப்பியைக் காட்ட மாட்டார்கள்.

மனநலத்தையும் இதே வரிசையில் வையுங்கள். மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகத்துக்கு வருடம் ஒரு ட்ரில்லியன் டொலர் உற்பத்தி இழப்பு என்றும், சிகிச்சையில் போடும் ஒரு டொலருக்கு நான்கு டொலர் திரும்பும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது நாடுகளுக்கான கணக்கு, ஒரு கடைக்கான கணக்கல்ல. என்றாலும் போரும் இழப்பும் கண்ட ஊரில், கடன் அறவிடும் இலக்கோடு கிராமம் கிராமமாக ஓடும் நிதி நிறுவனப் பிள்ளைகளுக்கு, அரை நாள் போய்ப் பேசிவிட்டு வர இடம் வேண்டும். சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைக் கழிவறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அங்கே என்றால் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ளலாம்.

இடத்தைத் திருத்துவது

கஸ்தூரியார் வீதியிலும் வைத்தியசாலை வீதியிலும் உள்ள கடைகளில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் இருக்க விடாத கடைகள் உண்டு. தமிழ்நாட்டில் 2021 இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுப்பது சட்டமாகவே வந்தது. இங்கே யாரும் சட்டத்தைக் காட்டிக் கேட்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓர் உயரமான நல்ல ஸ்டூல் 15,000 ரூபா என்றாலும் 20 வாங்க 3 இலட்சம். ஐந்து வருடம் பாவித்தால் வருடத்துக்கு 60,000. அது 26 நாள் லீவுக்குச் சமம், ஆளுக்கு அரை நாள். நாரி நோவாலும் கால் வீக்கத்தாலும் வருடத்துக்கு அரை நாள் கூடுதலாக லீவு எடுக்காமல் விட்டாலே கணக்குச் சரி. ஐந்து நாளையும் அரை நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது நடக்கக்கூடியது என்று தெரியும்.

தண்ணீரும் கழிவறையும் ஒரே விஷயம். நம் மண் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினம், வெயிலோ கொடுமை. இந்த ஊரில் தண்ணீர் குறைவாகக் குடிப்பது சிறுநீரகத்தில் கல்லையும் சிறுநீர்த் தொற்றையும் வரவழைக்கிற வேலை. குடிக்கிற தண்ணீரை வடிகட்டி வைத்தால் மட்டும் போதாது. பெண்களுக்குப் பூட்டுள்ள, சுத்தமான, கேட்காமல் போய்வரக்கூடிய கழிவறை இல்லாவிட்டால் அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள். மேல்மாடிச் சாமான் அறைக்குப் பின்னால் உள்ள ஒரேயொரு கழிவறையை 30 பேர் பாவிக்கும் கடையில் ஆரோக்கியப் பேச்சு நடத்துவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தேநீரில் சீனியைத் தனியாக வைப்பதற்குச் செலவே இல்லை. பத்து மணி பிளேன்ரீயோடு றோல்ஸும் வடையும் மட்டும் வருகிற இடத்தில் அவித்த கடலையும் பயறும் சேர்க்கலாம். இதற்கு மேல் சாப்பாட்டில் தலையிட வேண்டாம்.

நேரம்தான் முதலாளிமாருக்குக் கசப்பான பகுதி. சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதற்கு மேல் ஒன்றரை மடங்குச் சம்பளம். நல்லூர்த் திருவிழா 25 நாளும், தீபாவளிக்கு முன்பும், கலியாண மாதங்களிலும் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் கடைகளில் இந்தக் கணக்கு எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். இரவு பத்தரைக்குக் கடைசி பஸ்ஸும் போன பிறகு வீடு போய், காலை எட்டரைக்குத் திரும்பி வருகிறவருக்கு எந்தச் செயலியும் நித்திரையைத் தராது. அந்தப் பருவத்தில் இரண்டு குழுவாகப் பிரித்து மாற்றிவிட ஐந்தாறு பேரைத் தற்காலிகமாக எடுப்பது செலவுதான். நான் சொல்லும் எல்லாவற்றிலும் கூடிய செலவு இதுவாக இருக்கலாம். ஆனாலும் 6 இலட்சத்தை ஒதுக்கத் தயாராக இருக்கும் முதலாளி அதில் ஒரு பங்கை இதற்குப் போடுவதை நான் முழு மனதோடு சொல்வேன்.

நல்ல பிள்ளைகள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போகிறார்கள், இதையெல்லாம் செய்தால் நிற்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்க மாட்டார்கள். அந்தப் பயணத்துக்குக் காரணம் வேறு. ஆனால் கஸ்தூரியார் வீதியின் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகிறவர்கள் நிற்பார்கள், புதிய ஆளைப் பழக்கும் மாதங்கள் மிச்சமாகும்.

6 இலட்சத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஸ்டூலுக்கு இந்த வருடம் 3 இலட்சம், கிளினிக் நாளுக்கு 1,10,000, மிச்சம் 1,90,000 தண்ணீருக்கும் கழிவறைக்கும். அடுத்த வருடம் ஸ்டூல் செலவு இருக்காது. அந்த 3 இலட்சத்தில் காப்புறுதியைப் பேசத் தொடங்கலாம், அல்லது திருவிழாக் காலத்துக்கு ஆள் எடுக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். போன வருட லீவுப் புத்தகத்தை எடுத்து, பெயர்களை விட்டுவிட்டு, மாதம் மாதமாக எத்தனை நாள் என்று எழுதி வையுங்கள். இரண்டு கிளை இருந்தால் சீட்டுப் போட்டு ஒன்றில் மட்டும் முதலில் தொடங்குங்கள். பெயர் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிடாமல், அந்தக் கிளை முழுவதையும் மற்றக் கிளை முழுவதோடும் ஒரு வருடம் கழித்து ஒப்பிடுங்கள்.